பவளக்கொடிப் பெட்டியில் எட்டிப் பார்த்த மஞ்சள்

முத்துக்கருப்பன் சோப்பு வாங்கினாலும் சோப்பை மோந்து பார்க்க மாட்டார். மேலே சுற்றியிருக்கும் தாளைத்தான் பார்ப்பார். சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் அளவு லென்ஸை எடுத்துத் தாள்மேல் வைத்து, ஒரு கண்ணை இறுக்கி மூடி, மறு கண்ணை லென்ஸோடு ஒட்டிக்கொண்டு குனிவார். நாரணாபுரத்துப் பலசரக்குக் கடைக்காரருக்கு இது பழகிப்போன காட்சி.

"என்ன அண்ணாச்சி, நாடி பாத்து முடிச்சிட்டீகளா? சோப்புக்கு உசிரு இருக்கா?" என்பார்.

முத்துக்கருப்பன் சிரிக்க மாட்டார். "அச்சு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அதையும் அரை மனசாகத்தான் பைக்குள் போடுவார்.

அவர் சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் நாலு கலர் ஆப்செட் ஓட்டுகிற மிஷின்மேன். காலண்டர், வெடிப்பெட்டி லேபிள், பிஸ்கட் அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று அவர் கை படாத தாள் கிடையாது. ஊர் உலகத்தில் ஒருத்தன் ஒரு சாமானை நம்பி வாங்குகிறான் என்றால் அந்த நம்பிக்கையில் பாதி சிவகாசியில்தான் அச்சாகிறது என்பது அவர் எண்ணம். அச்சடிக்கிற கை என்பதாலேயே அவருக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. ஒருமுறை வெளியூர் ஆள் ஒருத்தன் பேர்பெற்ற கம்பெனியின் சோப்பு உறையைக் கொண்டுவந்து, "இதே மாதிரி, கொஞ்சம்கூட வித்தியாசம் தெரியக் கூடாது" என்று கேட்டு நின்றான். முதலாளி அவனை வாசலோடு விரட்டிவிட்டார். ஆனால் முத்துக்கருப்பன் மனசுக்குள் அவன் உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். இவரு விரட்டிட்டாரு, விரட்டாதவன் எவனாவது இருப்பான்ல? அதற்குப் பிறகு அவர் வாங்கிய எந்தச் சாமானையும் அந்த ஆள் கூடவே நின்று பார்த்தான்.

சந்தேகம் சாமான் மேல் மட்டும் இல்லை. ஆள் மேலும் உண்டு. மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நாலு நிறத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் துளி பிசகாமல் உட்கார வைப்பதுதான் அவர் வேலைக்கு உயிர். அவர் ஓட்டும் மிஷினில் ஒரு கோளாறு. சூடேறிவிட்டால் மஞ்சள் மட்டும் ஒரு மயிரிழை விலகி நிற்கும். எந்தத் திருகை எவ்வளவு திருப்பினால் மஞ்சள் தன் இடத்துக்குத் திரும்பும் என்பது முத்துக்கருப்பனுக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் திருகைத் தொடும்போது முதுகைக் காட்டி மறைத்துக்கொள்வார். பக்கத்து மிஷினில் நிற்கும் சீனிச்சாமி கழுத்தை நீட்டினால், "போயி ஒரு சொம்பு தண்ணி மொண்டுட்டு வாரும்" என்று அனுப்பிவிடுவார். சொல்லிக்கொடுத்தால் நாளைக்கே தன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு சீனிச்சாமியை ஓட்டச் சொல்லிவிடுவார்கள் என்று பயம்.

இப்படிப்பட்ட மனுஷன் இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் வீடு கட்டினார்.

அவர் மனைவி மாடத்தி பட்டாசு ஆலைக்குப் போகிறவள். வெள்ளி நிற வெடிமருந்து அப்பி, சாயங்காலம் வரும்போது அவள் கை இரண்டும் விளக்கி வைத்த எவர்சில்வர் மாதிரி மின்னும். குளித்த பிறகும் நகக்கண்ணில் சாம்பல் நிறம் மிச்சம் இருக்கும். அந்தக் கையோடு தகரச் சாய்ப்புக்குள் போய் விறகடுப்பு மூட்டுவாள். சாய்ப்பின் சுவர் கரி, கூரை கரி, தொங்குகிற ஒட்டடையும் கரி. வீடு கட்டப் போகிறோம் என்றதும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"வீடு உங்க இஷ்டம். வாசலை எங்கிட்டு வேணாலும் வைங்க, எத்தனை சன்னல் வேணாலும் வைங்க. அடுப்பங்கரை மட்டும் என் இஷ்டம்."

"சரி" என்றார் முத்துக்கருப்பன். அடுப்பங்கரைக்குப் பெயிண்ட் வாங்கப் போன அன்றைக்கே அந்தச் சரி ஆட்டம் கண்டுவிட்டது.

மாடத்தி ஒரு பழைய சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கடைக்காரர் விசிறி மாதிரி விரிகிற கலர் அட்டையைக் கொடுத்து, "நம்பரைச் சொல்லுங்க" என்றார். மாடத்தி அட்டையைப் பார்க்கவே இல்லை. சேலையை விரித்தாள். "இந்தத் தாழம்பூக் கலரு. உடம்புல இருக்குல்ல, அது. கரையில இருக்கிற அரக்கு வேண்டாம்."

முத்துக்கருப்பன் அட்டையை வாங்கி லென்ஸை வைத்துக் குனிந்தார். உடனே நிமிர்ந்தார். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"என்ன இது? புள்ளியே இல்ல?"

"என்ன புள்ளி அண்ணாச்சி?"

"அச்சுன்னா புள்ளி இருக்கணும். மஞ்சப் புள்ளி எத்தனை பங்கு, சிவப்பு எத்தனை பங்குன்னு பிரிச்சிச் சொல்லிருவேன். இது மொட்டையால்ல இருக்கு."

"அச்சே இல்ல அண்ணாச்சி. பெயிண்டைத் தடவிக் காயவச்சு ஒட்டுன துண்டு இது."

"அப்ப இதை எப்பிடிச் சரி பாக்கது?"

"கண்ணால பாருங்க. மத்த எல்லாரும் அப்பிடித்தான் பாக்காங்க."

மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைக்காரர் அவள் பக்கம் திரும்பி, "தாயி, அடுப்பங்கரைக்கு வெளிர் கலர் ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கு பளிச்சுனு தெரியும். காப்பிக் கலர் எடுங்க, பத்து வருசத்துக்குக் கவலை இல்ல" என்றார்.

"தெரியட்டும் அண்ணாச்சி" என்றாள் மாடத்தி. "தெரிஞ்சாத்தான துடைக்க முடியும்? இப்ப இருக்கிற சாய்ப்புல எது சுவரு எது கரின்னே எனக்குத் தெரியாது."

தாழம்பூதான் வந்தது. முத்துக்கருப்பன் டப்பாவைத் தன் கண் முன்னாலேயே உடைக்கச் சொன்னார். பெயிண்டர் எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறான் என்று பக்கத்தில் நின்று பார்த்தார். பெயிண்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க இங்கன நின்னா எனக்குப் பிரஷ்ஷு நடுங்குது. செத்த அங்கன போயி உக்காருங்களேன்" என்றான். வெயிலில் ஒரு தடவை, டியூப்லைட்டில் ஒரு தடவை என்று சுவரைப் பார்த்தார். சேலையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். எது சேலை எது சுவர் என்று சொல்ல முடியாதபடி பொருந்தியது. அப்படியும், "ஒரு மழை விழுகட்டும், பாப்போம்" என்றார்.

அடுத்தது அடுப்பு. அதில்தான் விவகாரம் பெரிதானது.

புது வீட்டில் முதல் பால் காய்ச்சுகிற அடுப்பை வீட்டுக்காரியின் கூடப்பிறந்தவன் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் வீட்டு முறை. மாடத்திக்குத் தாய் தகப்பன் இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருப்பது தம்பி செந்தூர்பாண்டி ஒருத்தன்தான். அவன் சாத்தூரில், இருக்கன்குடிக்குப் போகிற ரோட்டில், அடுப்பு, மிக்ஸி, பிரிட்ஜ் எல்லாம் விற்கிற கடை வைத்திருந்தான். ஆடி மாசத்தில் மாரியம்மன் கோயிலுக்கு நடைப்பயணம் போகிற கூட்டத்துக்கு மோர் ஊற்றுவான். திரும்பி வருகிற கூட்டத்துக்கு மிக்ஸி விற்பான். அப்படி ஒரு சாமர்த்தியசாலி. அந்தச் சாமர்த்தியம்தான் முத்துக்கருப்பனுக்கு உறுத்தல்.

தை பிறந்ததும் இருவரும் அவன் கடைக்குப் போனார்கள்.

"வாங்கத்தான், வாக்கா, சாப்பிட்டீகளா?" என்று பாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டான். "அக்கா, அடுப்பு நான் செய்யுற சீரு. அதுல நீ பேசப்படாது. மத்ததுல உனக்கு எது பிடிக்குதோ எடுத்துக்க. விலையை அத்தான்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

மாடத்தி பிரிட்ஜ் வரிசையில் நடந்தாள். ஒவ்வொன்றையும் முழங்கையால் இடித்துத் திறந்து பார்த்தாள். மருந்துக் கையால் எதையும் தொட்டுவிடக் கூடாது என்று ஆலையில் வந்த பழக்கம்.

"ஏக்கா, கையால தொற. இங்கன மருந்து கிருந்து ஒண்ணும் கிடையாது" என்று பாண்டி சிரித்தான். அவளும் சிரித்துக்கொண்டே உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள். வெங்காயக் கலர் பிரிட்ஜ் பிடித்துப்போய், அதன் கைப்பிடியை இரண்டு மூன்று தடவை சும்மாவே இழுத்து மூடினாள். மிக்ஸி வெள்ளை எடுத்தாள். கண்ணாடி மேல்தட்டு வைத்த அடுப்பு ஒன்றைத் தொட்டபோது முத்துக்கருப்பன் குறுக்கே விழுந்தார்.

"கண்ணாடியா? சூட்டுல தெறிச்சா முகம் என்னத்துக்கு ஆகும்?"

"சரி அத்தான், எவர்சில்வர்லயே தாரேன்" என்று பாண்டி பவளக்கொடி கம்பெனி அடுப்பைக் காட்டினான். இரண்டு பர்னர், கனமான உடம்பு. முத்துக்கருப்பன் தூக்கிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"இதையே குடுத்துரு மாப்ள."

"இது எல்லாரும் தொட்டுப் பாக்கிற பீஸு. எங்க அக்காவுக்குக் கடையில கிடந்ததையா குடுப்பேன்? புது லோடு வருது. சீல் உடைக்காம அனுப்புறேன்."

பஸ்ஸில் திரும்பும்போது முத்துக்கருப்பனுக்கு அதே யோசனைதான். எதுக்குப் புது லோடு? இருக்கிறதைக் குடுக்க என்ன கேடு? கண் முன்னால ஒண்ணைக் காட்டுதான், கை வேற ஒண்ணைக் குடுக்கப் போகுதோ? பேசும்போது அவன் எதுக்கு அம்புட்டு சிரிச்சான்? பக்கத்தில் மாடத்தி, சன்னல் காற்றில் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இன்னும் அணையவில்லை.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சு. கேஸ் மாட்ட ஆள் வர வேண்டும் என்பதால் பாண்டி புதன்கிழமையே அடுப்பை அனுப்பிவிட்டான். சாயங்காலம் முத்துக்கருப்பன் வேலை முடிந்து வந்தபோது தாழம்பூச் சுவர் ஓரமாகப் பெட்டி உட்கார்ந்திருந்தது. பெட்டி நிறையப் பச்சை இலைக்கு நடுவே பவள நிறப் பூக்கள். மாடத்தி அதற்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்திருந்தாள்.

அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. லென்ஸை எடுத்தார். பூவின் விளிம்பில் வைத்தார்.

பவளச் சிவப்பைத் தாண்டி மஞ்சள் ஒரு மயிரிழை வெளியே எட்டிப் பார்த்தது. அடுத்த பூவிலும் அப்படித்தான். இலை ஓரத்திலும் அப்படித்தான்.

"டூப்ளிகேட்டு" என்றார்.

"எது?"

"இந்த அடுப்பு."

"அடுப்பை இன்னும் வெளியவே எடுக்கலையே!"

"எடுக்கவே வேண்டாம். பெட்டி சொல்லுதே. பேரு வாங்குன கம்பெனிக்காரன் இப்பிடி மஞ்சள் பிதுங்குற பெட்டியை ஒத்துக்கிடுவானா? எவனோ அவசரத்துல திருட்டுத்தனமா அடிச்சிருக்கான். பெட்டி கள்ளம்னா உள்ள இருக்கிறது மட்டும் நல்லதா?"

மாடத்தி இடுப்பில் கை வைத்தாள். "என் தம்பி எனக்குக் கள்ளச் சாமான் குடுப்பானா?"

"அவன் குடுத்தான்னு சொல்லல. அவனையும் எவனாவது ஏமாத்தியிருப்பான்." சொன்ன வார்த்தை ஒன்று, நினைப்பு ஒன்று. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. "கேஸ் விளையாட்டு இல்ல, புள்ள. ஒரு பொத்தல் போதும், வீடே போயிரும். நான் நாளைக்கு சிவகாசியில வேற அடுப்பு எடுத்துட்டு வாரேன். இதைச் சும்மா ஓரமா வச்சிருவோம்."

"நான் தெனமும் மருந்துக்கு நடுவுல உக்காந்து எந்திரிச்சு வாறேன். அங்கன என்னைக்காவது லென்ஸ் வச்சுப் பாத்தீகளா?"

அவர் லென்ஸைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"என் தம்பி குடுத்த அடுப்புல பால் பொங்கணும்" என்றாள் மாடத்தி. குரலை உயர்த்தவில்லை. "அவன் முகம் சுண்டிப் போயி நின்னா, இந்தச் சுவரை நீங்களே பாத்துக்கிட்டு இருங்க. நான் அந்தச் சாய்ப்புலயே பொங்கிக்கிடுதேன். எனக்கு இந்த அடுப்பங்கரை வேண்டாம்."

அதோடு விட்டிருக்கலாம். முத்துக்கருப்பன் வாசலுக்குப் போய்ப் பாண்டிக்குப் போன் போட்டார்.

"மாப்ள, தப்பா எடுத்துக்கிடாத. அந்த லோடு எங்கன வாங்குன?"

"கம்பெனி டீலர்கிட்டத்தான். ஏன் அத்தான்?"

"பெட்டி அச்சு சரியில்ல. எனக்கு என்னமோ..."

"இருக்கன்குடி ஆத்தா மேல சத்தியமா கம்பெனி சாமான், அத்தான்."

"நீ சத்தியம் பண்ணுத, சரி. அச்சு வேற சொல்லுதே."

"அப்ப உங்களுக்கு எது நம்பிக்கையோ அதை வச்சிப் பாலைக் காய்ச்சுங்க. சீரே கள்ளம்னு ஆனபிறகு நான் சீர் கொண்டாந்தவனா வந்து நிக்க முடியாது. அக்காகிட்ட சொல்லிருங்க." போன் கட்டானது.

அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. வாசல்படியில் நின்றுகொண்டிருந்த மாடத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். பெட்டியில் வைத்த குங்குமத்தை விரலால் அழித்துவிட்டு, பழைய சாய்ப்புக்குள் போய் விறகை முறித்து அடுக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் அச்சாபீஸில் மத்தியானச் சாப்பாடு. வழக்கம்போல சீனிச்சாமி மூலையில் கிடந்த கழிவு அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, அச்சுப் பக்கம் கீழே போகும்படி திருப்பி விரித்தார். சோற்றில் மை படக் கூடாது என்று எல்லோரும் வெள்ளைப் பக்கத்தில்தான் வைத்துச் சாப்பிடுவார்கள். முத்துக்கருப்பன் ஹோட்டலில் வாங்கி வந்த புளிச்சாதத்தைப் பிரித்தார்.

"என்னவே, இன்னைக்கு வீட்டுச் சாப்பாடு இல்லையா?" என்றார் சீனிச்சாமி.

"நாளைக்குப் பால் காய்ச்சுல்ல, அவளுக்கு வேலை" என்றார். பாதியில் எழுந்து, எறிவதற்காக அட்டையை மடித்தார்.

மடித்த மடிப்பில் பவளப் பூ தெரிந்தது.

அப்படியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்க் கையோடு லென்ஸை எடுத்தார். பூவின் விளிம்பில், அதே இடத்தில், அதே அளவுக்கு மஞ்சள் எட்டிப் பார்த்தது.

"யோவ் சீனி. இது எங்கன அடிச்சது?"

"என்னய்யா கேள்வி? இங்கனதான். உம்ம மிஷின்லதான்."

"நான் அடிக்கலையே?"

"நீரு எங்க அடிச்சீரு? உம்ம வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாகள்ல, அன்னைக்கு நீரு லீவு. கோயம்புத்தூரு அடுப்புக் கம்பெனி ஆர்டரு, அவசரம்னு முதலாளி என்னைய ஓட்டச் சொன்னாரு. மத்தியானத்துக்கு மேல உம்ம மஞ்சள் ஒரு இடத்துல நிக்க மாட்டேன்னுருச்சு. நானும் திருகாத திருகு இல்ல. கடைசியில கம்பெனி ஆளு வந்து பாத்துட்டு, 'அடுப்பை விக்கப் போறமா, பெட்டியை விக்கப் போறமா, லோடு ஏத்துங்க'ன்னுட்டான்."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லய்யா."

"போட்டா? தண்ணி மொண்டுட்டு வான்னு சொல்லியிருப்பீரு." சீனிச்சாமி ஊறுகாயை நக்கிக்கொண்டே சொன்னார். அதில் கோபம்கூட இல்லை.

முத்துக்கருப்பனுக்குக் காது சூடேறியது. பெட்டி அசல். மஞ்சள் விலகியிருப்பதே, அது தன் மிஷினில் பிறந்த பெட்டி என்பதற்கு அடையாளம். தான் முதுகால் மறைத்து வைத்த ஒரு திருகு கோயம்புத்தூர் போய், சாத்தூர் போய், தன் வீட்டு அடுப்பங்கரைக்கே திரும்பி வந்து, மச்சினனைத் திருடன் என்று சொல்ல வைத்திருக்கிறது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாத்தூர் பஸ் ஏறினார்.

பாண்டி கடையில் இருந்தான். வாங்கத்தான் என்று சொல்லவில்லை. நாற்காலியும் இழுத்துப் போடவில்லை. முத்துக்கருப்பன் அட்டையை மேஜைமேல் விரித்தார். ஓரத்தில் இரண்டு புளிச்சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. கான்கிரீட், லீவு, சீனிச்சாமி, திருகு, மஞ்சள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"அடுப்பு கள்ளமில்ல மாப்ள. அச்சடிச்ச எங்க மிஷின்தான் கள்ளம்."

பாண்டி அட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஆத்தா மேல சத்தியம் பண்ணுனேன். நீங்க நம்பல. சோறு ஒட்டுன அட்டை சொன்னா நம்புதீக."

"நான் செஞ்சது தப்புதான். உங்க அக்கா நேத்துலருந்து பேசல. சாய்ப்புல விறகு அடுக்கிட்டா. நீ வரலேன்னா அவ அந்த அடுப்பங்கரையை மிதிக்க மாட்டா."

பாண்டி ஒரு மிக்ஸி மூடியைத் துடைத்து வைத்தான். பிறகு கையை நீட்டினான். "லென்ஸைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க அத்தான். பால் பொங்கி முடியுற வரைக்கும் அது எங்கிட்ட இருக்கட்டும். நீங்க நாளைக்கு ஒருநாள் எங்களை மாதிரி வெறுங்கண்ணோட இருங்க."

கண்ணையே கழற்றிக் கொடுக்கிற மாதிரி லென்ஸைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே பாண்டி குடும்பத்தோடு வந்து இறங்கினான். தட்டில் மஞ்சள், குங்குமம், புதுச் சேலை. சேலை தாழம்பூக் கலர், அரக்குக் கரை. கேஸ் மாட்டுகிற ஆளையும் அவனே கையோடு கூட்டி வந்திருந்தான். முத்துக்கருப்பன் ஒதுங்கித்தான் நின்றார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் சோப்பு நுரையைத் தொட்டுக் குழாய் மூட்டில் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. திரும்பினால், பின்னால் மாடத்தி. நுரையைத் துடைக்கத் துணியை நீட்டினாள்.

பாண்டி அடுப்பைத் திருகினான். நீலச் சுடர் வட்டமாக எழுந்தது. மாடத்தி பால் பாத்திரத்தை வைத்தாள். பால் நுரைத்து ஏறி, விளிம்பில் ஒரு கணம் நின்று, எவர்சில்வர் மேல் வழிந்தது. குலவைச் சத்தம் அடங்கியதும் பாண்டி கூட்டத்துக்கு நடுவிலிருந்து கத்தினான்.

"அத்தான், பொங்குனது பால்தானா? லென்ஸு வேணுமா?"

அடுப்பங்கரையே சிரித்தது. முத்துக்கருப்பனும் வேறு வழியில்லாமல் சிரித்தார். மாடத்தி முதல் தம்ளரைத் தம்பிக்குக் கொடுத்தாள். இரண்டாவதை அவரிடம் நீட்டினாள். ஆனால் பிடியை விடவில்லை.

"தம்பி எல்லாத்தையும் சொன்னான். அந்தத் திருகைச் சீனிச்சாமி அண்ணனுக்குச் சொல்லிக் குடுத்திருங்க" என்றாள். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு.

"சரி."

அதற்குப் பிறகுதான் தம்ளரை விட்டாள்.

பவளக்கொடிப் பெட்டியை அவள் எறியவில்லை. வெட்டி, அஞ்சறைப்பெட்டி வைக்கிற அலமாரித் தட்டில் பூ மேலே தெரியும்படி விரித்துவிட்டாள். உப்பு எடுக்கப் போனாலும் அந்த மஞ்சள் அவரைப் பார்த்தது. வேறு தாள் விரிக்கலாமே என்று ஒருநாள் மெல்லக் கேட்டார். "தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மிஷின் சூடேறியதும் முத்துக்கருப்பன், "சீனி, இங்கன வாரும்" என்று கூப்பிட்டார்.

"தண்ணியா?" என்று சொம்பை எடுத்தார் சீனிச்சாமி.

"சொம்பை வையும். இதைப் பாரும்." முதுகை விலக்கிக்கொண்டு, திருகைக் காட்டி, கால் சுற்றுப் பின்னால் விட்டுக் காட்டினார்.

சீனிச்சாமி திருகைப் பார்க்கவில்லை. முத்துக்கருப்பன் முகத்தைத்தான் பார்த்தார். "என்னவே இது, இம்புட்டு வருசமா இல்லாம? வேலையை விட்டுப் போறீரா? இல்ல, நான் திருகி மிஷின் கெட்டா என் தலையில போடவா?"

"ஒண்ணுமில்லய்யா. சும்மாதான்."

"நீரு சும்மா எதுவும் செய்ய மாட்டீரே."

முத்துக்கருப்பன், பாண்டி திருப்பிக் கொடுத்த லென்ஸைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். சீனிச்சாமி அதை வாங்கி, அப்போதுதான் வந்து விழுந்த தாளின்மேல் வைத்து, ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குனிந்தார். நிமிரவே இல்லை. மஞ்சள் தன் இடத்தில்தான் நின்றது. அப்படியும் அடுத்த தாளை எடுத்துப் பார்த்தார்.